பின்வாசலில் வைத்த அப்பம்

ஜனவரி 8, ஞாயிறு காலை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் அவர் கிருபையால் சுகமாயிருக்கிறோம். உன் சுகம், உன் பேக்கரியின் சுகம், உன் முழங்காலின் சுகம் மூன்றையும் தனித்தனியாக எழுது. "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

சின்னவள் போய் நாளையோடு ஒரு வருஷம். உனக்கு மனைவி என்றால் எனக்கு அவள் தங்கச்சி மாதிரி. நாளைக்கு உன்னோடு இருக்க முடியவில்லையே என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

உங்கள் போதகர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். கோள் சொல்ல இல்லை, கவலையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் நீ திருவிருந்துக்கான அப்பத்தைத் துணியில் சுற்றி ஆலயத்தின் பின்வாசல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறாயாம். இந்த ஒரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அப்பம் தவறவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீ உள்ளே வரவில்லை என்று எழுதியிருக்கிறார். சபை முழுக்க உன் கையால் வாங்கிச் சாப்பிடுகிறது, நீ மட்டும் பட்டினியா? இது என்ன நியாயம்டா?

உன்னைப் பாடச் சொல்லவில்லை, எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார். வாயைத் திறக்க முடியாவிட்டால் திறக்காதே. ஆனால் போ. எனக்காகவாவது போ.

பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு. விற்றது போக மிஞ்சிய ரொட்டியைத் தின்று வயிற்றை ரொப்புவது சாப்பாடு ஆகாது.

என்றும் உன் அக்கா

*

ஜனவரி 19, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். நான் சுகம். பேக்கரி சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது என்னைக் கேட்காமல் சத்தம் போடுகிறது. அத்தான் எப்படி இருக்கிறார்? முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே பழகிய மனுஷனுக்கு ஓய்வு பெற்று வீட்டில் உட்காரப் பொறுமை வந்துவிட்டதா?

அப்பத்தைப் பற்றிக் கேட்டாய். அது ஆர்டர், அக்கா. வாரம் ஒரு ரொட்டி என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் சொன்னார்கள். நிறுத்தச் சொல்லவில்லை. நானாக எந்த ஆர்டரையும் நிறுத்தியது கிடையாது.

உள்ளே போய் உட்காருவது வேறு. இரண்டு வருஷம் அந்தச் சபை சின்னவளுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தது. நானும் நின்றேன். இந்த முழங்கால் சத்தமே அங்கே வாங்கியதுதான். கடைசியில் என்ன நடந்தது? அடக்கத்தன்று ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, "எல்லாம் தேவ சித்தம்" என்றார்கள். அன்றையிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குப் போய் சாப்பாட்டு மேசையில் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஒரு வருஷமாக நெஞ்சிலேயே கிடக்கிறது. அன்று நீ குழியில் மண் போட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். ஏழு மணி நேரம் பயணம் செய்து வந்தவள் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. வீட்டில் மிஞ்சியது நானும் அவள் மருந்து பாட்டில்களும்தான். ஏன் அக்கா? அதற்குப் பிறகு போன் போட்டாலும் நீ எடுப்பதில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 5, ஞாயிறு காலை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா. சுகம். அத்தானும் சுகம். போன் பழுது, சரிபார்க்க ஆள் வரவில்லை. வேலை எப்போதும் போலத்தான். ஆஸ்பத்திரி துணி அறையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் எனக்கு வாய்த்தது துவைக்கிற துணியும் மடிக்கிற துணியும்தான்.

அந்த ஐந்து மணி பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். போக வேண்டியிருந்தது. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும். கோபப்பட்டுக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் சாப்பாட்டு மேசையைப் பற்றி நீ எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறவர்கள்தான் அந்த மேசைக்கு வர வேண்டும் என்றால், போதகர் மட்டும் தனியாக நின்று சாப்பிட வேண்டியதுதான். அவரும் பாதியில் எழுந்து போய்விடுவார்.

ஒரு உதவி செய். சனிக்கிழமை அந்த அப்பத்தை எப்படிச் செய்கிறாய் என்று ஆரம்பத்திலிருந்து எழுது. மாவு எவ்வளவு, எவ்வளவு நேரம் பிசைகிறாய், எல்லாம். எதற்கு என்று கேட்காதே. எனக்குத் தெரிய வேண்டும்.

மணி அடித்துவிட்டது. முடிக்கிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 2, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். அங்கே இருவரும் சுகம்தானே?

முதலில் நீ கேட்டது. கோதுமை மாவு, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய். மற்ற ரொட்டியெல்லாம் மெஷினில் பிசைவேன். இந்த ஒன்றை மட்டும் கையால்தான் பிசைகிறேன். இழுத்தால் அறுந்துபோகாமல் விரல்மேல் படுதாவாக விரிகிற வரைக்கும் விட மாட்டேன். அரை மணி ஆகும். அந்த அரை மணி நான் யாரோடும் பேசுவதில்லை. ஆர்டர்தானே, எதற்கு இவ்வளவு என்று நீ கேட்பாய். கேட்காதே.

போன சனிக்கிழமை ஓவனிலிருந்து இரும்புத் தட்டை இழுக்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. விழாமலிருக்க வெறும் கையால் தட்டைப் பிடித்துவிட்டேன். வலது உள்ளங்கை முழுக்கப் போய்விட்டது. ஆறு வாரம் மாவைத் தொடக்கூடாது என்கிறார் டாக்டர். பேக்கரியைப் பூட்டிவிட்டேன்.

போதகர் வந்து பார்த்தார். அப்பத்துக்கு என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். "நீங்க கவலப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கர்த்தருக்கும் எனக்கும் இடையில் மிச்சமிருந்தது அந்த ஒரு ரொட்டிதான், அக்கா. இப்போது அதுவும் இல்லை.

நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போகிறாயா? சட்டை பட்டன் போடக்கூட முடியவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

தம்பி

*

மார்ச் 12, ஞாயிறு காலை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்து என் கையும் எரிகிறது. புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். கட்டுத்துணியை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கட்டச் சொல். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் துணி மடித்தவள் சொல்கிறேன், புண்ணைக் கெடுப்பது பாதி நேரம் துணிதான்.

என்னால் வர முடியாது.

இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். மாற்றி எழுத வழியில்லை. நீ பட்டன் போட முடியாமல் நிற்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இருந்தாலும் வர முடியாது. காரணம் கேட்காதே.

அவருக்கும் உனக்கும் இடையில் எதுவும் மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர் பிடித்திருக்கிற பக்கத்தை விட்டுவிட்டதாக யார் உனக்குச் சொன்னது? கை வெந்தவனால் எதையும் பிடிக்க முடியாதுதான். அதற்காகப் பயப்படாதே.

உன் அக்கா

*

ஏப்ரல் 20, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கேயும் சுகம் என்று நினைக்கிறேன். வர முடியாது என்று நீ எழுதிய பிறகு பேனாவைத் தொட மனம் வரவில்லை. இப்போதும் கோபம்தான். ஆனால் இங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்க, சபையார் முறைவைத்து அப்பம் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் ஜெபக்குழு. மாவைப் பிசைந்து மேசையில் வைத்துவிட்டு, சுற்றி நின்று பத்து நிமிஷம் ஜெபிப்பதாக ஏற்பாடு. அவர்களுடைய பத்து நிமிஷம் உனக்குத் தெரியுமே. தேசங்களுக்காக, வியாதியஸ்தருக்காக, என் கைக்காக என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி மேசை ஓரத்துக்கு வந்துவிட்டதாம். அதையே அள்ளிப் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். ஆலயம் முழுக்கப் புளித்த வாசனை என்று ஓய்வுபெற்ற தபால்காரர் என் காதில் வந்து ஓதிவிட்டுப் போனார்.

பிறகு கணக்கு டீச்சரின் முறை. சனிக்கிழமை சாயங்காலம் சுட்ட அப்பத்தை என்னிடம் காட்டவே எடுத்து வந்தார். "கர்த்தரோட மேசைக்குப் போறதாச்சே. அதனால தண்ணியப் பத்து நிமிஷம் கொதிக்க வெச்சு, சூட்டோட சூடா ஊத்திப் பெசஞ்சேன்" என்றார் பெருமையாக. ஈஸ்ட் உயிருள்ள சாமான், அக்கா. கொதிக்கிற தண்ணீரில் அது அந்த நிமிஷமே செத்துப்போயிருக்கும். பக்தி முற்றிப்போய்க் கொன்றுவிட்டார். முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பத்தை விரலால் தட்டிப் பார்த்தேன், கதவைத் தட்டுவது போல இருந்தது.

மறுநாள் காலையில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பதினாறு வருஷமாக என் ரொட்டி இருந்த மேசையில் அந்தக் கல்லா? பின்வாசல் வழியாகப் போய் பக்கக் கதவருகே நின்றுகொண்டேன். போதகர் அப்பத்தை உயர்த்தினார். இரண்டு கையாலும் பிட்டார். வரவில்லை. மறுபடி முயன்றார். அங்கிக் கை மேலே ஏறிக்கொண்டது, நெற்றி வியர்த்துவிட்டது. கடைசியில் மேசை விளிம்பில் வைத்து அமுக்கினார். படார் என்று உடைந்து ஒரு துண்டு பறந்துபோய் பாடகர் குழுவில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை தலையும் குனிந்திருந்தது, தோள்கள் மட்டும் குலுங்கின.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. சின்னவள் போன பிறகு முதல் சிரிப்பு. அவளிடம் சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். அவள் இல்லை. அப்படியே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மக்கள் அப்பம் வாங்க எழுந்தபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது சனிக்கிழமை மதியம் ஆறேழு பேர் என் பேக்கரிக்கு வருகிறார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறேன், அவர்கள் பிசைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன். ரொட்டி எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். பிட்டதும் எழுந்து வந்துவிடுவேன்.

தம்பி

*

ஏப்ரல் 30, ஞாயிறு காலை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

சுகம். உன் கை ஆறி வருகிறதா?

பறந்த துண்டைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சத்தம் கேட்டு அத்தான் எழுந்து வந்து, "வீட்டுக்கு யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். நான்தான் சிரித்தேன் என்றால் நம்பவில்லை. ஒவ்வொரு அறையாகத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்.

டீச்சரைத் திட்டாதே. அவர் கொதிக்க வைத்த தண்ணீர்தான் உன்னை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. நான் நாலு மாதமாக எழுதியும் நடக்கவில்லை.

ஆனால் பிட்டதும் ஏன் எழுந்து வருகிறாய்? பிடுவதே கொடுப்பதற்குத்தானே? பெஞ்சு வரை போனவனுக்கு இன்னும் இருபது அடி. அந்த இருபது அடியை உனக்காக யாரும் நடக்க முடியாது. ஒரு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று எழுது, அதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்யவே மாட்டேன்.

உன் அக்கா

*

மே 11, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. புதுத்தோல் குழந்தைத் தோல் மாதிரி சிவப்பாக இருக்கிறது. பேக்கரியைத் திறந்துவிட்டேன்.

நேற்று உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். பேக்கரிக்காரன் புத்தி, எதற்கும் தேதி பார்ப்பேன். எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதியவை. ஒன்றில் "மணி அடித்துவிட்டது" என்றுகூட எழுதியிருக்கிறாய். ஆராதனை மணி அடிக்கும்போது வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவளா நீ? காய்ச்சலோடு மழையில் நனைந்து போனவள்.

முன்பெல்லாம் உன் கடிதத்தில் பாதி பிரசங்கம் எப்படி இருந்தது என்பதுதான். யார் பாட்டில் சுருதி தப்பியது, யார் தூங்கினார்கள், எல்லாம் வரும். ஒரு வருஷத்துக்கு மேலாக அதில் ஒரு வரி இல்லை. போன் பழுது என்கிறாய். இத்தனை மாதமாகவா? ஆஸ்பத்திரி வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அத்தான் சுகம் என்பதற்குமேல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் சிரிப்பைக் கேட்டு அவர் ஏன் அறை அறையாகத் தேடினார்?

நான் என் துக்கத்திலேயே கிடந்தேன், எதையும் கவனிக்கவில்லை. மன்னித்துவிடு. இப்போது கேட்கிறேன். அங்கே என்ன நடக்கிறது?

தம்பி

*

மே 28, ஞாயிறு காலை

அன்புத் தம்பிக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். இரண்டு வாரம் எப்படி மறைப்பது என்று யோசித்தேன். களைத்துப்போய்விட்டேன், அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

அத்தானுக்கு மறதி நோய். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு வீட்டு வழி. இப்போது நான் யார் என்பது சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. கண்டக்டர் வேலை மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். போன் மணி கேட்டால் பயந்து நடுங்குகிறார், அதனால் கழற்றி வைத்துவிட்டேன். துணி அறை வேலையையும் விட்டுவிட்டேன். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன்.

சின்னவள் அடக்கத்துக்கு வந்த அன்று அவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நீ அழுதபடி என் தோளில் சாய்ந்திருந்தபோது உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது, அவரைக் காணோம் என்று. உன்னிடம் அதை எப்படிச் சொல்வது? பஸ் ஏறிவிட்டேன். டிப்போவில் செருப்பில்லாமல் நின்றிருந்தார்.

ஆலயத்துக்கு ஏன் போகவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம். ஆரம்பத்தில் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அப்பம் வாங்க எழுந்து நின்றபோது இவர் நடுவில் போய் நின்றுகொண்டு, "வரிசையா வாங்க, சில்லறைய கையில வெச்சுக்கங்க" என்று கத்தினார். சிரித்தது இரண்டு சின்னப்பிள்ளைகள்தான். எனக்கோ சபையே சிரித்தது போல இருந்தது. அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு, நாங்கள் டிப்போ பக்கத்தில் இருக்கிற சபைக்குப் போகிறோம் என்று எங்கள் போதகரிடம் பொய் சொன்னேன். ஆலயத்தைப் பற்றிப் பொய் சொன்ன முதல் ஆள் நம் குடும்பத்தில் நான்தான். பொய் சொன்னதால் யாரும் தேடி வரவும் இல்லை. கதவை நானே உள்ளிருந்து பூட்டிக்கொண்டேன்.

மணி சத்தம் என் ஜன்னலில் கேட்கும். அந்த நேரத்தில் ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. அதனால் உனக்கு எழுதுவேன். அதுதான் எனக்கு ஆராதனை. உன்னைப் போ போ என்றது உனக்காக மட்டும் இல்லை. நாம் இரண்டே பேர். இரண்டு பேருமே வெளியே நின்றுவிடக் கூடாது என்று பயந்தேன். நீ அரை மணி நேரம் பிசைகிறதைப் படித்தபோது நானும் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது.

விசுவாசத்தை விட்டுவிட்டாயா என்று கேட்டால், இல்லை. பிடித்திருக்கிறாயா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியவில்லை. கெட்டிக்காரி மாதிரி உனக்குப் புத்தி சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் அக்கா

*

ஜூன் 1, வியாழன்

அக்கா,

பத்தாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பேக்கரியையும் அப்பத்தையும் டீச்சரும் தபால்காரரும் பார்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் என் பொறுப்பு. நீ நல்ல புடவையை இஸ்திரி போட்டு வை.

அந்த ஐந்து மணி பஸ்ஸுக்காக உன்மேல் பட்ட கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நேரில் வந்து சொல்கிறேன்.

தம்பி

*

ஜூன் 26, திங்கள்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ சுட்டு வைத்துவிட்டுப் போன ரொட்டியை அத்தான் மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அன்று ஆலயத்திலிருந்து திரும்பி வந்தபோது நான் உடனே உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு நாற்காலி நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு நீ மூன்றாவதில் உட்கார்ந்திருந்தாய். மடியில் பை வைத்திருந்தாய். அத்தான் நடந்து நடந்து டிக்கெட் கிழித்தார். "எங்க போகணும்?" என்று அவர் கேட்க, "கடைசி ஸ்டாப் வரைக்கும்ணே" என்றாய். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாயாமே. இறங்க வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாமே. ஒழுங்கான பயணி என்று அவர் உன்னைப் பற்றி எனக்கு ரிப்போர்ட் கொடுத்தார். அவரிடம் இவ்வளவு மரியாதையாக நான்கூட நடந்துகொண்டதில்லை. பார்த்தபோது அழுதேன், தம்பி. இத்தனை நாள் அவரைத் திருத்தித் திருத்தியே களைத்துப்போனேன். ஏறி உட்காரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் பேசுவதற்குள் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு அக்கா குறுக்கே வந்து, "எங்களுக்குத் தெரியும்மா. டிப்போவில சொன்னாங்க. நீ வேணாங்கற மாதிரி இருந்தது, அதான் வரல. வந்திருக்கணும், தப்பு எங்க மேலதான்" என்றார். அடுத்த நாளே மூன்று பேர் வந்து ஏறி உட்கார்ந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான்.

நேற்று அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். போதகர் முதலிலேயே சபையிடம் சொல்லிவிட்டார், இன்றைக்கு வரிசையை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று. அப்பம் வாங்குகிற நேரத்தில் அத்தான் போய் நடுவில் நின்றார். "மெதுவா, மெதுவா. முன்னால நகருங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு" என்றார். ஒருவர் விடாமல் அவர் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். என் முறை வந்தபோது என்னைப் பார்த்து, "நீயும் போம்மா" என்றார். நான் யார் என்று தெரிந்து சொன்னாரா என்று தெரியாது. நான் போனேன்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. டாக்டர் நல்லதாக எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நேற்று ஜெபத்தில் நாலு வார்த்தை வந்தது. அதில் ஒன்று நீ.

உன் அக்கா

*

ஜூலை 3, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பேக்கரி சுகம். முழங்கால் ஏழு மணி நேரப் பஸ்ஸை இன்னும் மன்னிக்கவில்லை. அத்தானுக்கு என் அன்பைச் சொல். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன், மாதாமாதம் வருவேன். ஜன்னல் பக்கத்து சீட்டைப் பிடித்து வைக்கச் சொல்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு இதை யோசித்தேன். நீயும் நானும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒருவர்மேல் ஒருவர் வருத்தத்தோடு இருந்தோம். நான் கோபத்தில் இருந்தேன், நீ மறைத்துக்கொண்டிருந்தாய். ஆனாலும் நீ எழுதுவதை நிறுத்தவில்லை, நானும் பதில் போடாமல் இருக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத எத்தனை வீட்டில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்காருகிறார்கள். வீட்டு மனுஷன்தான் அப்படி உட்கார முடியும். விருந்தாளியால் முடியாது. இத்தனை நாள் நான் விருந்தாளி மாதிரி மரியாதை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. சின்னவளை ஏன் எடுத்துக்கொண்டார் என்று நேற்றும் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்டது அவரிடம்தான். அப்படியென்றால் பேச ஆரம்பித்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

கை நன்றாகிவிட்டது, இனி அப்பத்தை நானே செய்கிறேன் என்று சனிக்கிழமை சொன்னேன். டீச்சர் விடவில்லை. "இது எங்க முறை. நீங்க ஸ்டூல்ல உக்காருங்க" என்றார். அவரும் தபால்காரருமாகப் பிசைந்தார்கள். நான் தொடவே இல்லை.

நேற்று போதகர் அதைப் பிட்டார். நான் எழுந்தேன். வெளியே போகத்தான் எழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் காலை ஒதுக்கி வழிவிட்டார். நான் முன்னால் போனேன். பதினாறு வருஷம் அந்த மேசைக்கு ரொட்டி கொடுத்தவன், அக்கா. முதல் தடவையாக வேறு யாரோ எனக்காகச் செய்த ரொட்டிக்குக் கையை நீட்டினேன். இந்தப் புதுத்தோல் கையைத்தான்.

வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு அதிகம். இன்னும் ஒரு துண்டு கிடைக்காதா என்று இருந்தது.

உன் தம்பி